ஆயில் டேங்க் ஏன் குறையவே இல்லை

என்னங்க, உங்களைத்தான்,

கருமாதி முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எழுதினால் மனசு ஆறும் என்று நம் பொண்ணு ஒரு நோட்டைக் கையில் திணித்துவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டாள். ஆறுவதற்கா எழுதுகிறேன்? சண்டை போட எழுதுகிறேன். பாதியில் விட்டுவிட்டுப் போனீர்களே, அந்தச் சண்டையை.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படகு என்ஜினை நான் கெடுத்துவிட்டேன்.

கொள்ளிடத்தில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஆற்றுக்கு நடுவே இருக்கிற திட்டுக்குக் களை வெட்டப் போகிற பொம்பளைகள் படகு ஓட்ட ஆளில்லாமல் கரையிலேயே தவித்தார்கள். எத்தனை நாளைக்கு மூலையில் உட்கார்ந்திருப்பது என்று நானே படகை எடுத்தேன். ஓட்டத்தான் சொல்லிக் கொடுத்திருந்தீர்களே. பெட்ரோல் கேனைத் தொடத்தான் விடமாட்டீர்கள்.

பங்கில் வாங்கிய பெட்ரோலை அப்படியே கேனில் ஊற்றினேன். என்ஜின் மூடியைத் தூக்கி ஆயில் டேங்கையும் பார்த்தேன். கழுத்து வரைக்கும் ஆயில் நின்றது. இரண்டு வருஷமாக அது என்றைக்குக் குறைந்திருக்கிறது? என் தம்பி நாகப்பட்டினத்திலிருந்து அந்தப் பழைய என்ஜினைக் கொண்டுவந்து இறக்கியபோதே சொன்னானே, “அக்கா, இதுல ஆயிலைத் தனியா ஊத்துனா போதும், பம்பு தானா எடுத்து பெட்ரோலோட கலந்துக்கும்” என்று. அதை நான் அணைக்கரை வரைக்கும் சொல்லாத ஆள் இல்லை. “எந்தம்பி கொண்டாந்த என்ஜினு, ஆயிலே குடிக்காம ஓடுது பாருங்க” என்று பீற்றிக்கொள்வேன். நீங்கள் பக்கத்தில் நின்று தலையைச் சொறிவீர்கள்.

கேனின் அடியில் பழைய பெட்ரோல் கொஞ்சம் மிச்சமிருந்ததாலோ என்னவோ, பாதி ஆறு வரைக்கும் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் சத்தம் இறுகியது. கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நின்றுவிட்டது. கயிற்றை இழுத்துப் பார்த்தேன், அசைய மாட்டேன் என்றது. பாப்பாத்தி அக்கா, “ஏன்டி செல்வி, ஒந்தம்பி என்ஜினு காலை வாரிடுச்சே” என்றார். எல்லோருமாகக் கழி ஊன்றிக் கரை சேர்ந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பதறாதீர்கள்.

ஜெயங்கொண்டத்திலிருந்து உங்கள் மெக்கானிக் முருகேசன் வந்தான். மூடியைத் தூக்கக்கூட இல்லை, கேனை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அக்கா, வெறும் பெட்ரோலா ஊத்துனீங்க?”

“பின்ன? ஆயிலுதான் அது டேங்க்ல நிக்குதே.”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். “அண்ணன் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?”

பிறகு காட்டினான். ஆயில் டேங்கிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கி வாயை அடைத்திருந்தீர்கள். பம்பையே கழற்றிவிட்டு அந்த இடத்தில் தகடு போட்டு மூடியிருந்தீர்கள். ஆயில் இல்லையென்றால் கத்துகிற ஹாரனின் வயரையும் வெட்டி டேப் சுற்றியிருந்தீர்கள்.

“பம்பு போயி ரெண்டு வருசமாச்சுக்கா. நடு ஆத்துல கைவிட்டுட்டா ஆள் உசிராச்சேன்னு அண்ணன்தான் அதைக் கழட்டச் சொன்னாரு. அப்பலேருந்து பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்துதான் ஓட்டுனாரு. லிட்டருக்கு இருவது மில்லி. டேங்க்ல இருக்கறது சும்மா பார்வைக்கு. ஆயில் கலக்காம ஓட்டுனா பிஸ்டன் இறுகிப் பிடிச்சுக்கும்.”

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “‘அவ தம்பி கொண்டாந்ததுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. போச்சுன்னு தெரிஞ்சா அவ மொகம் சுண்டிப்போயிடும். வாயத் தொறந்த, தோலை உரிச்சுடுவேன்’னாருக்கா.”

அட பாவி மனுஷா!

அந்தக் கடைசிச் சண்டை எதற்கு என்று உங்களுக்கு மறந்திருக்காது. உதவியாக இருக்கட்டுமே என்று கேனைத் தூக்கினேன். பத்துப் பொம்பளைகள் பார்க்க, “தொடாதங்கறேன்ல!” என்று கத்தினீர்கள். நான் என்ன வேற்று ஆளா என்று கேட்டேன். அன்று ராத்திரி சோற்றைத் தட்டில் போட்டு உங்கள் முன்னால் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீங்களும் கூப்பிட்டுப் பார்த்தீர்கள். எனக்குக் காது கேட்டது.

விடிந்ததும் நெஞ்சு வலி. ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “செல்வி, அந்தக் கேனுல...” என்று ஆரம்பித்தீர்கள். எனக்கு எரிந்தது. “இப்பவும் அந்தக் கேன்தானா? பேசாம படுங்க” என்றேன். ஆயுசுக்கும் நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் கேட்டீர்கள்.

போகிற நேரத்திலும் பெண்டாட்டியை நினைக்காமல் கேனை நினைத்தாரே என்று இத்தனை நாளும் உங்களைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். நடு ஆற்றில் நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதானே சொல்ல வந்தீர்கள்?

ஏங்க, என் முகம் சுண்டினால்தான் என்ன? நாலு பேர் சிரித்திருப்பார்கள். தம்பியை இரண்டு நாள் திட்டியிருப்பேன். மூன்றாம் நாள் நானே உங்களுக்கு ஆயில் அளந்து கொடுத்திருப்பேன். நான் இப்படிப் பீற்றாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “மாமா என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமேக்கா” என்று அழுதான். புதுப் பம்பு வாங்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். முருகேசன் பிஸ்டனை மாற்றிவிட்டான். நீங்கள் செய்தபடியே இருக்கட்டும் என்று சொல்லி, சும்மா பார்வைக்கு இருந்த அந்த ஆயில் டேங்கை மட்டும் கழற்றி எடுக்கச் சொன்னேன்.

துறையில் நின்று பொம்பளைகளிடமும் சொல்லிவிட்டேன், இந்த என்ஜினில் பம்பு செத்து இரண்டு வருஷமாகிறது என்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாப்பாத்தி அக்கா மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “குடுத்து வச்சவடி நீ” என்றார். குடுத்து வைத்தவளா நான்? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

நாளைக் காலையில் படகை எடுக்கிறேன். ஆயிலை நானே அளந்து கலக்கப் போகிறேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் யார் என்னிடம் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், முழுசாகச் சொல்லி முடிக்க விடுவேன். நம் பொண்ணானாலும் சரி, துறையில் நிற்கிற எவளானாலும் சரி. ‘பேசாமல் படு’ என்கிற வார்த்தை என் வாயிலிருந்து இனி வராது.

நீங்கள் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் படுத்திருந்த,
உங்கள் பெண்டாட்டி
செல்வி