தொடர்ந்து அனுப்பலாமா

மார்ச் 3

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்கலாமென்றால் நீ எடுப்பதில்லை. அதனால் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன். உன் அக்காவையும் விசாரித்ததாகச் சொல்.

ஈமெயில் பார்த்தாயா? மாதாமாதம் பாப்பாவின் படம் போட்டு நான் அனுப்புகிற கடிதம் இல்லை, இது வேறு. அந்தக் கடிதங்களை எல்லோருக்கும் அனுப்பித் தருகிற கம்பெனியிலிருந்து எனக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. என் பட்டியலில் இருக்கிற யாரும் தாங்களாகச் சேரவில்லையாம், புகார் போயிருக்கிறதாம். பொய் இல்லை. நம் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்க வந்தவர்கள் பில்லுக்காகக் கொடுத்த ஈமெயில் முகவரிகளையெல்லாம் சேர்த்தது நான்தான். பெண்ணைக் காணோம் என்று பத்து வருஷமாகத் தேடுகிறவன் ஒவ்வொருவரையும் நிறுத்தி அனுமதி கேட்டுக்கொண்டா இருப்பான்?

இப்போது எல்லோரையும் ஒருமுறை கேட்டே ஆகவேண்டும் என்கிறான் கம்பெனிக்காரன். "இந்தக் கடிதத்தை உங்களுக்குத் தொடர்ந்து அனுப்பலாமா?" என்று ஒரு வரி. கீழே இரண்டு பட்டன்: அனுப்பலாம், வேண்டாம். இந்த மாத நடுவுக்குள் எதையும் அழுத்தாதவர்களின் பெயர் தானாகப் போய்விடும்.

மனிதர்களின் நிஜ முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன். கடைக்கு வரும்போதெல்லாம் "பொண்ணு பத்தி ஏதாவது தகவல் உண்டா சார்?" என்று உருகுவாரே பல் டாக்டர், அவர் முதல் நாளே வேண்டாம் என்று அழுத்திவிட்டார். என் உடன்பிறந்த தம்பி இன்னும் வாயே திறக்கவில்லை. எதிர்க்கடைத் தையல்காரர் மட்டும் அனுப்பலாம் என்று அழுத்திவிட்டு, எதை அழுத்தினேன் என்று என்னிடமே வந்து கேட்டார்.

நீயும் அழுத்தவில்லை. பெற்றவளே பேசாமல் இருந்தால் ஊரான் ஏன் பதில் சொல்வான்? ஒரு விரல் வேலைதான். மனசு வை.

இப்படிக்கு,
பாப்பா அப்பா


மார்ச் 9

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுப் படி இறங்கியபோது வலித்ததைவிட இப்போது குறைவுதான். நீங்கள் விசாரித்ததாகச் சொன்னதும் அக்கா மூக்கைச் சுளித்தாள். அதையும் உங்களிடம் சேர்த்துவிட்டேன்.

ஈமெயில் பார்த்தேன். அழுத்த மாட்டேன்.

அந்தப் படத்தில் இருப்பது கல்லூரிக்குப் போகிற பெண். அவளுக்கு இப்போது முப்பது வயது. மாதம் பிறந்தால் அந்த முகம் வந்து நிற்கிறது, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை. கண்ணாடி வாங்க வந்தவர்களைக் கேட்காமல் சேர்த்துக்கொண்டீர்கள். கேட்டதும் போகிறார்கள். அதில் பல் டாக்டர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? பாவம், அவரும் எவ்வளவு நாள்தான் உச்சுக்கொட்டுவார்.

போதும் என்று நினைக்கிறேன். கம்பெனியே கதவைச் சாத்துகிறது, நீங்களும் எழுந்து வந்துவிடுங்கள். கடையைப் பாருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள். இந்தத் தேடலை விட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் நான் போனை எடுக்கிறேன். அங்கே வந்து நாலு நாள் இருக்கவும் செய்கிறேன். ஆசை காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்களைத் தனியாக விட்டது எனக்கும் உறுத்துகிறது.

இப்படிக்கு,
அக்கா வீட்டிலிருந்து, நான்


மார்ச் 17

என் அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

முதலில் உட்கார்ந்துகொள். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு படி.

என் பட்டியலில் முதல் முகவரி யாருடையது என்று உனக்குச் சொன்னதில்லை. பாப்பாவுடையதுதான். கல்லூரி நாளில் அவள் வைத்திருந்த ஈமெயில். யார் படிக்காவிட்டாலும் அவள் படிப்பாள் என்று ஒவ்வொரு கடிதத்தையும் அதற்கும் அனுப்பி வந்தேன். ஒருநாளும் பதில் இல்லை. நேற்றுக் காலையில் கடை திறந்து பார்க்கிறேன், அந்த முகவரியிலிருந்து பதில் வந்திருக்கிறது. வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறாள்.

நீ அழாதே. வேண்டாம் என்றால் என்ன, உயிரோடு இருக்கிறாள் இல்லையா? சின்ன வயதிலேயே எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வாள். பிடித்து உட்காரவைத்து ஊட்டினால் சாப்பிட்டுவிடுவாள். உனக்குத் தெரியாததா?

கடைக் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யாரு எந்த ஊர்ல இருந்து அழுத்துனாங்கன்னு ஓரத்துல போட்டிருக்கு பாருங்க சார்" என்றார். இத்தனை நாள் அதை நான் கவனிக்கவே இல்லை. ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது. ஒரு பகல் ரயில் பயணம், அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

ஞாயிறு காலை ரயிலில் உனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருக்கிறேன். சனிக்கிழமையே இங்கே வந்துவிடு. மாடி அறையைக் கூட்டித் துடைத்து, புது விரிப்புப் போட்டு வைத்திருக்கிறேன். வெளித் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் போயிருந்தது, அதற்கும் எண்ணெய் விட்டேன்.

இப்படிக்கு,
சந்தோஷத்தோடு
பாப்பா அப்பா


மார்ச் 20
விரைவுத் தபால்

பாப்பா அப்பாவுக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நம் வீட்டில் எப்போதும் அப்படித்தான் நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

அவள் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும். அவள் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்தே தெரியும். அவளை யாரும் கூட்டிப்போகவில்லை, யாரும் மனதைக் கெடுக்கவில்லை. நீங்கள் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். கல்யாணம் முடிகிறவரை மாடி அறையில் போட்டு அடைத்தீர்கள். தட்டை உள்ளே வைத்துவிட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவது என் வேலை. ஒருநாள் போடாமல் கீழே இறங்கி வந்தேன். நடந்தது இவ்வளவுதான்.

அதன்பிறகு அவள் மூன்று ஊர் மாறிவிட்டாள். எங்கே போனாலும், கைமாறிப் போன உங்கள் கடிதத்தைப் பார்த்த யாராவது ஒரு நல்ல மனுஷர் "நீ அந்தக் காணாமப் போன பொண்ணுதானே?" என்று வந்து நிற்பார். மறுநாளே மூட்டை கட்டுவாள்.

உங்கள் கடிதம் கைக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டுத் திட்டினேன். இத்தனை வருஷம் தொடாமல் இருந்ததை எதற்குடி தொட்டாய் என்றேன். என்ன சொன்னாள் தெரியுமா? "வேணுமா வேண்டாமான்னு அப்பா என்னைக் கேட்டதே இதுதாம்மா முதல் தடவை. பதில் சொல்லணும்போல இருந்துச்சு." சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். கேட்டது நீங்கள் இல்லை, கம்பெனி கேட்கச் சொன்னது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். அவளே பார்த்துக் கட்டிக்கொண்ட புருஷன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன். ஒரு பெண் குழந்தை. இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முதல் மாதம் பூரா அழுதுவிட்டு இப்போதுதான் சிரித்துக்கொண்டு போகிறதாம். இன்னொரு தடவை கிளம்ப அவளுக்குத் தெம்பு இல்லை. "இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று என்னைக் கேட்கிறாள். அப்பாவுக்கு எழுதிப் பார்க்கிறேன், சனிக்கிழமை பொழுது சாய்கிறவரை பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். போகவில்லை என்ற ஒரு வார்த்தை போதும். அவள் அங்கேயே இருப்பாள், குழந்தை பள்ளிக்கூடம் போகும். என்றைக்காவது அவளுக்கே தோன்றி வாசலில் வந்து நிற்பாள், நிற்காமலும் போவாள். அதை அவளிடம் விடுங்கள். சனிக்கிழமை பூரா நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

நான்


மார்ச் 26

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன். ஞாயிறு காலை ரயில் ஏறினேன். உன் இடம் காலியாகத்தான் வந்தது.

எனக்கு ஒரு பேத்தி இருப்பதைக்கூட மறைத்தாய். வயதான காலத்தில் உன்னோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் இது ஆறாது. தாழ்ப்பாளைப் பற்றி எழுதியிருக்கிறாய். விவரம் தெரியாத பெண்ணை வேறெப்படிக் காப்பாற்றுவார்கள்?

ஊர் பெரிய ஊர்தான். எனக்குக் கஷ்டமாக இல்லை. பாப்பாவின் கண்ணாடிப் பவர் இடக்கண் மைனஸ் ஏழு, வலக்கண் மைனஸ் இரண்டு. இப்படி ஒரு ஜோடி லேசில் வராது. கண்ணாடிக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் நம் தொழில்காரர் என்பதால் பவரைச் சொன்னவுடன் யாரென்று புரிந்துகொண்டார், அவள் வீட்டு முகவரியையும் எழுதிக் கொடுத்தார்.

வீடு பூட்டிக் கிடந்தது. "ஞாயித்துக்கிழமை காலையிலேயே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே ஐயா. குழந்தை பள்ளிக்கூடம் போகணும்னு ஒரே அழுகை" என்றாள் பக்கத்து வீட்டம்மா. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே சுவரில் எட்டின உயரம்வரை குழந்தை கிறுக்கி வைத்திருந்தது. கொடியில் ஒரு சின்னச் சட்டை மறந்துபோய்த் தொங்கியது. என் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு அந்த வாசலிலேயே உட்கார்ந்து, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன்.

இந்த ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள். அந்தப் பக்கத்து வீட்டம்மா, குழந்தையின் டீச்சர், அச்சக முதலாளி, அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் எல்லோரும் தங்கள் ஈமெயில் முகவரி கொடுத்தார்கள். பழைய பட்டியல் போனால் போகட்டும், புதிதாகத் தொடங்கிவிட்டேன். டீச்சரிடம் பாப்பாவுடைய இப்போதைய படமும் கிடைத்தது. இந்தத் தடவை யாரையும் கேட்காமல் சேர்க்கவில்லை. மாதம் ஒரு கடிதம் வரும், அனுப்பலாமா என்று ஒவ்வொருவரையும் முகத்துக்கு நேராகக் கேட்டேன். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பெனிக்காரன் இனி குறை சொல்ல முடியாது.

பாப்பா அந்தப் பழைய ஈமெயிலை மூடிவிட்டாள் போலிருக்கிறது, அனுப்பியது திரும்பி வருகிறது. புது முகவரி உனக்குத் தெரிந்திருக்கும், எழுது. அவளிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நானே சேர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பா அப்பா