அக்காவுக்குப் பிடித்த பாடம்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன். வேதியியலில் இந்த முறையும் தேறவில்லை.

நேற்று துறைத்தலைவர் கூப்பிட்டு உட்காரவைத்தார். திட்டவில்லை.

"கணக்கு உனக்கு நல்லா வருது. அப்புறம் எதுக்கும்மா இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறே?"

"எங்க அக்காவுக்குக் கெமிஸ்ட்ரின்னா உசிரு மேடம்."

"சரி, உனக்கு?"

எனக்கு அந்தப் பாடமே அலுப்பாக இருந்தது. உன் புத்தகத்தில் நீ பென்சிலால் கோடு போட்ட வரிகளைப் படிக்கும்போதெல்லாம், நீ எவ்வளவு ஆசையாகப் படித்திருக்கிறாய் என்பதுதான் புரிகிறது. பாடம் புரிவதில்லை. அம்மா படுக்கையில் விழுந்த வருடத்தைப் பற்றி நாம் பேசியதில்லை. இப்போதும் வேண்டாம்.

கணிதத்துக்கு மாறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வகுப்புகள் மதியத்தோடு முடிந்துவிடும். விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வருகிறேன். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பும்போது அலுவலகத்தில் இன்னொன்றும் விசாரித்தேன். பாதியில் நிறுத்தியவர்கள் விட்ட இடத்திலிருந்து மாலை வகுப்பில் சேரலாமாம். வேதியியலுக்கும் உண்டாம்.

சேருகிறாயா அக்கா? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல். அம்மாவை மட்டும் காரணம் காட்டாதே. சாயங்காலம் அம்மாவோடு நான் இருப்பேன்.

உன் தங்கை