ஆறு இதழும் விரிந்தன, ஜமீலாக்கா

என் பிரியமான ஜமீலாக்கா,

கண்ணாடி விரிந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

விண்வெளித் தொலைநோக்கிக்குக் கண்ணாடி வடிவமைக்கிறேன் என்றால் கள்ளிக்குப்பத்தில் என் மாமியாருக்கு இத்தனை நாளாகப் புரியவில்லை. ராக்கெட்டின் தலை குறுகல், கண்ணாடியோ அகலம், அதனால் பூ மாதிரி ஆறு இதழாக்கி, மடித்து அனுப்பி மேலே போய் விரிக்கிறோம் என்றேன். "அப்போ மடக்குற கொடை மாரியா?" என்றார். நீ இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்!

மோட்டார் வேண்டாம், வளைத்த எஃகுப் பட்டை தானாக நிமிர்ந்து இதழைத் திறக்கும் என்று பிடிவாதம் பிடித்தவள் நீ. கீமோவுக்குப் போய்வந்த நாட்களிலும் அந்தப் பட்டைக் கீலைத்தான் வரைந்துகொண்டிருந்தாய். நீ போன பிறகு, திருமழிசையில் நம் ஆய்வுக்கூடத்தில், விண்வெளிக் குளிரை உண்டாக்கும் கலத்துக்குள் வைத்து அதைச் சோதித்தோம். ஆறு இதழ்களில் மூன்று பாதியிலேயே நின்றுவிட்டன. பட்டையைப் பிடித்திருந்த கவ்வி, குளிரில் சுருங்கி அதை நெரித்துவிட்டது.

கூடத்தில் மற்றவர்கள் மோட்டாருக்கே போய்விடலாம் என்றார்கள். கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கினேன். ஆனால் உன் வரைபடத்தில் ஒரு கோட்டை அழிக்கவும் எனக்குக் கை வரவில்லை அக்கா. கவ்வியைத் தொடாமல் வேறு எதையெதையோ மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

கடைசியில் பூந்தமல்லிக்குப் போய், துணிக்கடையில் இருந்த உன் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். ரஃபீக் மச்சான் அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"இன்னா தங்கச்சி நீ? பிரியாணிய எறக்கறதுக்குள்ள நாலு தபா உப்பு பாக்குறவ அவ. தப்புன்னு தெரிஞ்சா அவளே அழிச்சிருப்பா. அத்தப் போய் பூட்டி வெச்சிகினு அழுவுறியே! மாத்தும்மா."

மாற்றினேன். குளிரில் அவ்வளவாகச் சுருங்காத உலோகத்தில் புதுக் கவ்வி, அதில் பட்டை மூச்சுவிடச் சின்ன இடைவெளி. பட்டை உன்னுடையதுதான், அதைத் தொடவில்லை. வரைபடத்தின் கீழே உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன்.

நேற்று மறுபடி சோதனை. ஆறு இதழும் விரிந்து நின்றன. எதிரே வைத்த விளக்கின் ஒளி முதலில் திரையில் ஆறு புள்ளிகளாகத் தெரிந்தது. இதழ்களை மெல்லத் திருத்தத் திருத்த, புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்தன; ஆறு இதழும் ஒரே கண்ணாடியாகிவிட்டன. "மேடம், ஒண்ணுதான் கீது! ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தினார் நம் டெக்னீஷியன் முருகன். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேலே போனதும் அது முதலில் எதைப் பார்க்கும்? நீ அடிக்கடி கேட்பாய். எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்தது, ராக்கெட்டின் அதிர்வைத் தாங்குமா என்று குலுக்கிப் பார்க்கும் சோதனை. அதில் எது கழன்றாலும் இனித் தயங்க மாட்டேன், அழித்துவிட்டு மறுபடி வரைவேன். நம் கண்ணாடி அந்த இருட்டில் விரியும்வரை இந்த வேலையை விடமாட்டேன் அக்கா.

உன் கூடப் பிறக்காத தங்கை,
செல்வி