கல்திருப்பிக்கு இரண்டாவது கையெழுத்து

ஓசூர்,
ஆகஸ்ட் 31, ஞாயிறு மதியம்.

அன்புள்ள வினிதாவுக்கு,

திருமலை எழுதுகிறேன். அத்தைக்கு முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்ப்பதோடு விட்டுவிடாமல் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போ. ஒரு மாதம் என்று சொல்லிக் கோடியக்கரைக்குப் போனாய், ஐந்து மாதம் ஆகிவிட்டது. போன் செய்தால் 'சாப்டீங்களா' என்று கேட்டு வைத்துவிடுகிறாய். உன்னைச் சொல்லியும் குற்றமில்லை, நீ வேறு ஏதாவது பேச ஆரம்பித்தால் நான்தான் பாதியில் வெட்டிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லாம் அப்படியேதான் ஓடுகிறது. கம்பெனியில் புதிதாகக் கேமரா மெஷின் வந்திருக்கிறது. பீஸை அது செக் பண்ணுகிறது, அதை நான் செக் பண்ணுகிறேன். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாக்கா வாரம் இரண்டு தடவை களியும் கீரையும் கொடுத்துவிட்டு, 'பொண்டாட்டிய அனுப்பிட்டு இன்னாப்பா குந்தினு இருக்கிற' என்று கன்னடமும் தமிழுமாகத் திட்டிவிட்டுப் போகிறார். நீ கதவைப் பூட்டியபிறகு நானும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேனே, உனக்கு எரிச்சல் வருமே. இப்போது பூட்டுவதும் நான்தான், இழுத்துப் பார்ப்பதும் நான்தான். டிவியை ஓடவிட்டால்தான் சோறு இறங்குகிறது.

நம் ஏரி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் மழை சரியில்லை. தண்ணீர் உள்வாங்கி, கருவேல மரம் வரைக்கும் சேறாகக் கிடக்கிறது. நமக்குக் கஷ்டம், வலசை வருகிற பறவைகளுக்குக் கொண்டாட்டம். ஆகஸ்ட் பத்தாம் தேதியே பொரி உள்ளான் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணியபோது பொரி உள்ளான் பதினொன்று, பட்டாணி உப்புக்கொத்தி ஆறு. வாலாட்டி இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் நான் எண்ணிச் சொல்ல நீ குழு நோட்டில் எழுதுவாய். இப்போது நானே எண்ணி நானே எழுதுவதால் பாதியில் கணக்கு விட்டுப்போகிறது.

இன்று காலை நம் பறவைக் குழுவில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஏரிக்குப் போய்விட்டேன். லாரிக்காரர்கள் கட்டட இடிபாட்டைக் கொட்டி வைத்திருக்கும் மூலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். பத்தடி தூரத்தில் ஒரு பறவை. ஆரஞ்சுக் கால், மார்பில் கறுப்புப் பட்டை, முதுகில் செங்கல் நிறமும் கறுப்பும் கலந்து. உடைந்த டைல்ஸ் துண்டுக்கு அடியில் குட்டை மூக்கைக் கொடுத்து நெம்பி, படக்கென்று புரட்டிப் போட்டது. அடியில் இருந்த பூச்சியைத் தின்றது. அடுத்த துண்டுக்குப் போனது.

அய்யோ வினிதா! போன வருடம் நீ பார்த்த அதே கல்திருப்பி.

போன் பைக் பெட்டியில் இருந்தது. எழுந்தால் பறந்துவிடும் என்று எழவில்லை. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நோட்டை வைத்திருக்கும் பாஸ்கரன் சாரும் குழுப் பையன் அஸ்வினும் கேமராவோடு வந்து சேர்ந்தபோது அங்கே ஒன்றும் இல்லை. சொன்னேன். அஸ்வின் சிரித்துக்கொண்டே, 'ஆள்காட்டிக் குருவிய பாத்திருப்பீங்கண்ணா' என்றான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்று சாரிடம் கேட்டேன். புதுப் பறவை என்றால் போட்டோ வேண்டும், இல்லாவிட்டால் பார்த்தவர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், 'ரூல் போட்டதே நீங்கதானே திருமலை' என்றார்.

ஆமாம், நான்தான். கம்பெனியில் இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு பீஸ்கூட வெளியே போகாது என்று பெருமையடித்து, அந்த வழக்கத்தை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தவன் நான். போன செப்டம்பரில் நீ நோட்டில் எழுதிய வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தவனும் நான்தான். 'எங்க ஊரு கடக்கரையில நான் பாத்து வளந்த பறவைங்க அது, கல்ல பொரட்டிப் பொரட்டித் தின்னுச்சு' என்று நீ கெஞ்சினாய். கடல் பறவைக்குக் கிருஷ்ணகிரியில் என்ன வேலை, ஆள்காட்டியைப் பார்த்துவிட்டு ஊர் நினைப்பில் உளறுகிறாய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்கப்புறம் நீ ஏரிக்கு வரவே இல்லை. ஊருக்குப் பஸ் ஏறும்போது, 'நான் சொன்ன எதைத்தான் நீங்க நம்புனீங்க' என்று கேட்டாய். ஒரு பறவைக்கா இவ்வளவு என்றுதான் நினைத்தேன்.

பறவைக்கு இல்லை என்று இன்றைக்குப் புரிந்தது. கரையில் பைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாலு வருடத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்தில், 'புள்ள அசையவே இல்லங்க' என்று சொன்னாய். இரண்டு நாள் முன்பு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை உன் முன்னால் நீட்டி, நார்மல் என்று போட்டிருக்கிறது பார் என்று சொல்லிவிட்டு ஷிப்ட்டுக்குப் போனேன். நீ தனியாக ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். சூப்பர்வைசர் வந்து என்னைக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்துவிட்டது. நான் நம்பியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. நீ தனியாகப் போயிருக்க மாட்டாய், அது மட்டும் நிச்சயம். இதுவரை ஒரு நாளும் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய் சாரிடம் போன வருட நோட்டை வாங்கினேன். நான் அடித்த வரிக்கு மேலே, 'வினிதா பார்த்தது உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன ஆதாரம் என்று கேட்டார். அவள் சொன்னாள், அதுதான் ஆதாரம் என்றேன். இந்த வருட நோட்டில் என் வரிக்குப் பக்கத்தில் இரண்டாவது கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. வந்து அதில் கையெழுத்துப் போடு என்று கேட்க மாட்டேன். பார்க்காததற்குப் போடுகிற ஆள் நீ இல்லை.

அந்தக் கல்திருப்பி தெற்கே கடலைப் பார்த்துத்தான் போகும். உங்கள் கரையில் ஒன்று கல்லைப் புரட்டிக்கொண்டு நின்றால் என்னை நினைத்துக்கொள். சத்தியமாக நான் பார்த்தேன் வினிதா. இங்கே ஒருத்தரும் நம்பவில்லை. நீயாவது நம்பு. நம்ப முடியாவிட்டால், ஏன் என்று போன் செய்து சொல். நீ சொல்லி முடிக்கும்வரை நான் வாயே திறக்க மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
திருமலை