தொப்பிக்குள் இருந்த நரை

அன்புள்ள யுதெல்கிஸ்,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே ஜப்பானில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று பேஸ்பால் ஆட்டத்தில் நான் வீசிய பந்து எதிரணி மட்டையாளன் முதுகில் பட்டுவிட்டது. நம் ஊராக இருந்தால் மட்டையோடு அடிக்க வந்திருப்பான். நானும் சண்டைக்குத் தயாராக நின்றேன். எங்கள் அணியில் பந்து பிடிக்கும் தோமியோகா ஓடிவந்து, "அண்ணே, தொப்பியக் கழட்டுங்க! இங்க அதுதான் மன்னிப்பு" என்றான். கழற்றினேன். வலியில் நெளிந்தவன் நிமிர்ந்து, ஹெல்மெட்டைத் தொட்டு எனக்குத் தலைவணங்கினான். அரங்கமே கைதட்டியது. ஆறு நாடுகளில் பந்து வீசியிருக்கிறேன், இப்படியொன்றைப் பார்த்ததே இல்லை.

ஆனால் என் நரையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். "உள்ள ஒரு தாத்தா ஒளிஞ்சிருக்காரே!" என்று தோமியோகா சிரிக்கிறான்.

எங்கள் அணியின் பஸ் கிளம்பப் போகிறது. தலைச்சாயம் அனுப்பு. வேண்டாம், நீயே எடுத்துக்கொண்டு வா. இத்தனை வருஷம் பந்து வீசி வீசி, பின்னந்தலைவரை இப்போது என் வலது கை எட்டுவதில்லை.

உன் எலிகியோ