கியர்பாக்ஸ் தட்டில் கிடந்த மஞ்சள் மூடி

என் மல்லிகாவுக்கு,

உன் வண்டியைக் கழற்றினேன். பயப்படாதே, திரும்ப மாட்டியும்விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இல்லையென்றால் கடிதம் முடியும்வரை நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாய்.

நீ போன எட்டு மாதமாக வண்டி போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை போய்த் திரும்புவேன். லைசென்ஸ் வாங்கி முப்பது வருடமாகியும் அதற்கு மேல் எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. உன் இடது முழங்காலுக்குக் கிளட்ச் ஆகாது என்றுதானே தேடிப்பிடித்து இந்த ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கினோம்? ஓட்டியது நீ. பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே வரும் லாரிகளைப் பற்றி எச்சரித்துக்கொண்டே வந்தது நான்.

போன மாதம் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. கியரைப் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. நகரும்போது ஒரு நடுக்கம். தரையில் வெற்றிலைச் சாறு துப்பியது போல எண்ணெய்க் கறை. நம் பெண்ணிடம் போனில் சொன்னேன்.

"ஏப்பா, அம்மாவே இல்ல. அந்த வண்டிய வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க? ஞாயித்துக்கெழம புரோக்கர் வாராரு, குடுத்துருங்க."

நியாயம்தான். கோயம்புத்தூரிலிருந்துகொண்டு அவள் என்னைப் பற்றிக் கவலைப்படுகிறாள். ஆனால் யாருக்கும் மறுப்புச் சொல்லிப் பழக்கமில்லாத நான் அன்று சொன்னேன்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள கசிவு நின்னு வண்டி ஓடுச்சுன்னா இருக்கட்டும் சாமி. இல்லாட்டி அவரு கொண்டுட்டுப் போகட்டும்." அந்தப் பேச்சு எனக்குள் எங்கிருந்து வந்தது?

சங்ககிரிப் பட்டறைச் சின்ராசுவைக் கேட்டேன். லாரி வேலை குவிந்து கிடக்கிறது, இந்த வாரம் முடியாது என்றான். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, எண்ணெயையும் வடிகட்டியையும் தட்டின் விளிம்பில் கசியாமல் அடைக்கும் பேக்கிங்கையும் மாற்றினால் சரியாக வாய்ப்பிருக்கிறது என்றும் சொன்னான். நானே செய்யலாமா என்றேன்.

"சார், நீங்க பல்பு மாத்தறதுக்கே மெயின ஆஃப் பண்றவரு." சிரித்துவிட்டு, "செரி, செய்யுங்க. போல்ட்ட மட்டும் ஓவரா முறுக்கிப்போடாதீங்க, பேக்கிங் பிதுங்கிப்போகும். அக்கா இருந்தா சிரிச்சே உழுந்துருப்பாங்க" என்றான். சாமான்களையும், வண்டியை ஏற்றி நிறுத்த இரும்புச் சாய்வுகளையும் வெள்ளிக்கிழமை அனுப்பிவைத்தான்.

முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் திருப்பு விசை என்று எழுதி, விசையைத் தூரத்தால் பெருக்கிக் காட்டியவன் நான். ஒரு போல்ட்டைக்கூட முறுக்கியதில்லை.

சனிக்கிழமை காலையில் வண்டியை ஏற்றி நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இரண்டிரண்டு கல் வைத்தேன். பிறகு ஐயம் வந்து இன்னும் இரண்டு வைத்தேன். ஓர் அட்டையில் தட்டின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்திவைத்தேன். பேச ஆளில்லாததால் வாய்விட்டு எண்ணினேன். பதினாறு என்றதும், உள்ளேயிருந்து "செரிங்க" என்று யாரும் சொல்லவில்லை.

தட்டின் ஒரு பக்கம் இறங்கியதும் எண்ணெய், கீழே வைத்த வாளியில் விழாமல் என் முழங்கை வழியாக வழிந்தது. சிவப்பாக இருக்கவேண்டியது காப்பிக் கஷாயம் போலக் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. தட்டுக்குள் ஒரு காந்தம், அதைச் சுற்றிச் சாம்பல் நிறச் சேறு. அந்தச் சேற்றில் விரலளவுக்கு ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மூடி.

எதையோ உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மூடியைப் படம் எடுத்துச் சின்ராசுவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"ஏனுங்க சார், இது ஒடஞ்சதில்லீங்க. ஆயில் அளவு பாக்கற குழாய் போற ஓட்டைய, கம்பெனியில இத வெச்சுத்தான் அடச்சிருப்பாங்க. குழாய உள்ள உடறப்ப இது தட்டுக்குள்ள உழுந்துரும். மொத தடவ தட்டக் கழட்டறவன் எடுத்து எறிஞ்சுருவான்."

"மொத தடவையா? நீயே ரெண்டு தடவ கழட்டியிருக்கியேப்பா. வண்டி நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

பட்டறைச் சுத்தியல் சத்தத்திலிருந்து தள்ளிப் போய்ச் சொன்னான்.

"சார், அக்காவே போயிட்டாங்க. இனி மறைச்சு என்னாகப் போகுதுங்க? அந்த ரெண்டு நாளும் வண்டி பட்டறைக்கே வரலீங்க. அக்கா மேட்டூர் போயிட்டாங்க."

"மேட்டூருக்கா? ஆரோட?"

"ஆரும் இல்லீங்க, தனியாத்தான். அணைக்குக் கீழ மீன் வறுவல் தின்னுட்டு, தண்ணியப் பாத்துட்டு உக்காந்துட்டு வருவாங்களாம். 'சார் பதனொரு மணிக்கு டாண்ணு போன் பண்ணுவாரு. வண்டி மேல நிக்குது, எண்ணெ வடியுதுன்னு சொல்லிப்போடு சின்ராசு'ம்பாங்க. நீங்களும் டாண்ணு பண்ணுவீங்க."

பண்ணினேன். "முழுசா வடியட்டும், அவசரப்படாதே" என்று அவனுக்கு இரண்டு முறையும் அறிவுரை வேறு சொன்னேன்.

இரண்டாம் முறை நீ சாயங்காலம் வந்தபோது முகம் வெயிலில் சிவந்திருந்தது. பட்டறையின் தகரக் கூரைதான் காரணம் என்று நினைத்தேன். எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, "நல்லா வடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாயே. நான் நோட்டை எடுத்து, கிலோமீட்டரையும் குறித்து, 'கியர் எண்ணெய், வடிகட்டி மாற்றப்பட்டன' என்று எழுதினேன். கிலோமீட்டர் அதிகமாக இருப்பதைக்கூடக் கவனிக்காமல் எழுதியிருக்கிறேன்.

நீ ஒருமுறை கேட்டாய். "மேட்டூர் வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா?" அணையில் திடீரென்று தண்ணீர் திறந்துவிடுவார்கள் என்றேன். பழைய பிரேக் என்றேன். வெயில் என்றேன், மீனில் முள் என்றுகூடச் சொன்னேன். "செரிங்க" என்று உள்ளே போனாய். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நானும் அதை நிம்மதியாக எடுத்துக்கொண்டேன்.

துணி கையில் இருந்தும் தட்டைத் துடைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் இல்லை, மல்லிகா. பொய் சொன்னதும் பெரிதாகப் படவில்லை. தண்ணீர் எவ்வளவு இருந்தது, மீன் நன்றாக இருந்ததா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று வந்து சொல்ல உனக்கு வீட்டில் ஆளில்லாமல் போயிற்றே. நான் இருந்தும். சொல்லியிருந்தால், அடுத்த முறை நானும் வருகிறேன் என்றிருப்பேனா? அதற்கும் ஒரு பட்டியல் போட்டிருப்பேனோ?

எண்ணெய் மாற்றாமல் ஓட்டியதால்தான் வண்டிக்கு இந்த நடுக்கம் வந்தது என்றான் சின்ராசு. அப்படியென்றால் அது மேட்டூர் போன நடுக்கம்.

புது வடிகட்டியைப் பொருத்தப்போனால் அது முழுதாக ஏறவில்லை. அழுத்தினால் போய்விடும் போலத்தான் இருந்தது. வேறொருவர் அழுத்தியிருப்பார். எனக்குத்தான் எதிலும் சந்தேகமாயிற்றே. பழைய வடிகட்டியை எடுத்து அதன் கழுத்தைப் பார்த்தேன். அங்கே இருக்கவேண்டிய ரப்பர் வளையம் இல்லை. அது மேலே கியர்பாக்ஸின் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, புதியது ஏற இடம்விடாமல் இருந்தது. இரும்பால் நெம்பினால் கீறல் விழும் என்று, உன் படத்துக்கு முன்னால் எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சிகளை எடுத்துவந்து நெம்பினேன். நான்கு குச்சி உடைந்தது. ஐந்தாவதில் வளையம் வந்தது, புது வடிகட்டியும் ஏறியது.

பிறகு பழைய பேக்கிங்கைச் சுரண்டி, விளிம்பைத் துடைத்து, புதியதை வைத்து, எதிரெதிர் போல்ட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்று முறுக்கினேன். சிவப்பு எண்ணெயை ஊற்றினேன். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். யோசிக்காமல் பிடித்தது. நடுக்கம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், பாதிக்கு மேல் போயிருக்கிறது. கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்துவைத்துவிட்டு, காப்பி போட்டு, தனியாகக் குடித்தேன். ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டுவந்து காட்டவேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டை வெள்ளையாகவே இருந்தது. புரோக்கர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, வண்டி சும்மாதான் நிக்குதுன்னு உங்க பொண்ணு சொன்னாங்க? ஓட்டறதுக்கு ஆளில்லைன்னும் சொன்னாங்களே."

"ஆளு இருக்குதுங்க" என்றேன்.

அவர் என் சட்டையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பெண்ணுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆள் யார் என்று கேட்பாளே.

நோட்டை எடுத்தேன். பொய்யான அந்த இரண்டு வரிகளையும் ஸ்கேல் வைத்து அடித்தேன். இரண்டின் மேலும் 'மேட்டூர்' என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் அந்த நோட்டில் ஓர் ஊரின் பெயர் வருவது இதுதான் முதல் தடவை.

வருகிற புதன்கிழமை, லாரிக் கூட்டம் சேர்வதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். மெதுவாகத்தான் போவேன், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அணைக்குக் கீழே மீன் வறுவல் வாங்கி, முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டுத் தின்பேன். பதினொரு மணிக்கு யாருக்கும் போன் செய்யமாட்டேன். மஞ்சள் மூடி என் சட்டைப் பையில் இருக்கும். திரும்பி வந்து, தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று உன் படத்தின் முன்னால் உட்கார்ந்து சொல்வேன். நீயும் அப்போது, நீ பார்த்த தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாற்பத்திரண்டு வருடம் பெயர் சொல்லாமல் நீ கூப்பிட்ட,
உன் "ஏனுங்க".