ஐந்தாண்டுக்கு முந்தைய ஏரி

குறிப்பு 1
ஆண்டு 31, நாள் 198. மணி 09.10

மேட்டு நூலகம், இரண்டாம் கரைக் குடியேற்றம். எழுதுபவர் வேதநாயகி, நூலகர். வெளி வெப்பம் பதினொன்று. மின்கலம் நிறைவு. வாசகர் வருகை: இல்லை. நான்கு ஆண்டுகளாக இந்த இடத்தில் வேறு சொல் எழுத வாய்க்கவில்லை. ஊர் எதிர்ச்சரிவில் இருக்கிறது. ஒரு புத்தகத்துக்காகப் பள்ளத்தில் இறங்கி ஏறும் ஆள் அங்கே பிறக்கவில்லை. எல்லாம் வானொலியில்தான்.

இதைப் பின்னால் கண்டெடுத்துப் படிப்பவருக்கு இரண்டு விவரம். இந்தக் கோளில் சூரியன் அடிவானத்தை விட்டு நகராது, எப்போதும் அந்தி. வெளியே போகிறவர் எல்லாரும் நெற்றியில் விளக்கு கட்டிக்கொள்கிறார்கள். ஊருக்கும் நூலகத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் அடியில் கருமடு என்று ஓர் ஏரி இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பதின்மூன்று பேர் ஆசிரியர் எட்வின் ஞானசிகாமணியுடன் அந்த ஏரிக்கு மேலே, பாதிச் சரிவில் கூடாரம் அடித்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல் அறிவியல் திட்டக் கட்டுரைக்காக. அவர்கள் காட்டும் ஆதாரங்களைச் சரிபார்த்து ஒப்பமிடுவது என் வேலை.

குறிப்பு 2
நாள் 199. மணி 14.30

ஆதாரப் பட்டியல்கள் வந்தன. ஒருவன் "உணவுக்கூடச் சுவர்ப் பலகை" என்று எழுதியிருக்கிறான். ஒருத்தி "நூலகம்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். குழம்பில் என்ன போட்டாய் என்று கேட்டால் "கடை" என்று சொல்வாள் போலிருக்கிறது. நால்வர் ஒரே கட்டுரையை நான்கு விதமாக எழுதி நான்கு ஆதாரம் என்கிறார்கள். மூவர் இயந்திரத்திடம் கேட்டு, அது புனைந்து கொடுத்த நூற்பெயர்களை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அந்த நூல்கள் எந்தக் கோளிலும் எழுதப்படவில்லை. அவற்றில் ஒன்றின் தலைப்பு நன்றாக இருந்தது. யாராவது எழுதியிருந்தால் படித்திருப்பேன்.

எட்வின் சார் வானொலியில் வந்து, பிள்ளைகள் பாவம், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றார். அவரே தம் பாடக்குறிப்பில் சுவர்ப் பலகையை மேற்கோள் காட்டியிருப்பதை எடுத்துச் சொன்னேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பதின்மூன்றில் பதின்மூன்றும் நிராகரிப்பு.

குறிப்பு 3
நாள் 200. மணி 10.05

ரிஃபாயா என்ற மாணவி மறுபடி அனுப்பியிருக்கிறாள். இம்முறை ஒரே ஓர் ஆதாரம்: குடியேற்றத்தின் ஒன்பதாம் ஆண்டு நில அளவைக் குழு எழுதிய கருமடு அறிக்கை. இருபத்திரண்டு ஆண்டுப் பழசு. விதி தெளிவாக இருக்கிறது: ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட ஆதாரம் ஏற்கப்படாது. முதல் பக்கத்துக்கு மேல் போகத் தேவை இருக்கவில்லை. நிராகரித்து ஒப்பமிட்டேன்.

அவள் விடவில்லை.

"மேடம், அது பழசுதான். ஒத்துக்கிறேன். ஆனா ஏரியும் பழசுதானே?"

பதிலாக விதியின் எண்ணை மட்டும் அனுப்பினேன்.

"எண்ணு தெரியும் மேடம். நீங்க அதை முழுசாப் படிச்சீங்களான்னுதான் கேக்குறேன்."

பதினேழு வயது. இந்தத் திமிர் மதிப்பெண்ணுக்கு உதவாது.

குறிப்பு 4
நாள் 200. மணி 16.40

படித்தேன். அவள் தவறாகப் படித்திருக்கிறாள் என்று காட்டுவதற்காகத்தான் படித்தேன்.

அவள் சரியாகவே படித்திருக்கிறாள்.

கருமடுவின் அடியில் கரியமில வாயு ஊறுகிறது. மேல்நீரின் கனம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. கொள்ளளவு நிரம்பியதும் ஏரி ஒரேயடியாகப் புரண்டு, வாயு முழுவதும் வெளியே வருகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. பள்ளத்தில் மூச்சுவிடும் எதுவும் மிஞ்சாது. ஒன்பதாம் ஆண்டு அப்படி நடந்தது. குழு அன்று மேட்டில் இருந்ததால் பிழைத்தது. கரைச் சேற்றின் படிவுகளை எண்ணி, ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இது நடக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். புரளும் முன் நீர் துருநிறமாகும் என்றும்.

எட்வின் சாரிடம் ஏரியின் நிறம் கேட்டேன். அழகாக இருக்கிறது, செம்மண் கரைத்தது போல, பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள் என்றார். உடனே மேலே ஏறச் சொன்னேன். பாதுகாப்பு அலுவலகம் சொன்னால்தான் கூடாரத்தைப் பிரிக்க முடியும், அனுமதியில்லாமல் போனால் பிள்ளைகளின் செய்முறை மதிப்பெண் போய்விடும் என்றார்.

பதின்மூன்று உயிர், பதின்மூன்று செய்முறை மதிப்பெண். அவர் கணக்கில் இரண்டாவது பெரியது.

குறிப்பு 5
நாள் 200. மணி 19.15

அறிக்கையைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அலுவலர் நீலமேகம். அவர் எதையும் படிக்கும் வழக்கமில்லை. கணிப்பு இயந்திரம்தான் படிக்கும். அது ஐந்தாண்டுக்கு உட்பட்ட, நூலகம் ஒப்பமிட்ட ஆதாரத்தை மட்டுமே உள்ளே விடும். திருப்பி அனுப்பிவிட்டது.

"மேடம், காலைல இதே அறிக்கையை நீங்களே குப்பைன்னு ஒப்பம் போட்டிருக்கீங்க. சாயந்திரம் இதை வெச்சு முகாமைக் காலி பண்ணச் சொல்றீங்க. நடுவுல என்ன சாப்டீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஐந்தாண்டுக்குள் வேறு ஆதாரம் இருந்தால் கொடுங்கள் என்றார். இருபத்திரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதற்கு ஐந்தாண்டுக்குள் ஆதாரம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அது அறிவியல்காரர்கள் யோசிக்க வேண்டியது என்றார். இந்த விதியைப் பூமியில் எழுதியவர்கள், வேகமாக மாறும் மருந்தையும் கருவியையும் மனத்தில் வைத்து எழுதினார்கள். இங்குள்ளவர்கள் அதை ஏரிக்கும் பாறைக்கும் போட்டார்கள். அதற்குக் காவல் நிற்க என்னை வைத்தார்கள். நன்றாகத்தான் நின்றிருக்கிறேன்.

குறிப்பு 6
நாள் 201. மணி 06.20

வேறு வழி தெரியவில்லை. அறிக்கையின் ஆண்டை 9 என்பதிலிருந்து 29 ஆக்கினேன். ஓர் எண் சேர்ந்தது, அவ்வளவுதான். புதிய ஒப்பம் இட்டு அனுப்பினேன். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. நீலமேகம் போன்றவர்களை அசைக்க இவ்வளவு போதும் என்றால், பூமியிலும் இங்குமாக நாற்பது ஆண்டு நான் கட்டிக்காத்த நேர்மை யாருக்காக?

முகாம் நகர்த்தப்படும் என்று பதில் வந்தது. இனித் தேநீர் குடிக்கலாம்.

குறிப்பு 7
நாள் 201. மணி 11.50

முகாம் நகர்ந்துவிட்டது. கீழே. கரைக்கு.

அலுவலகத்தின் ஆணையை அப்படியே பதிகிறேன்:

"கருமடு 29ஆம் ஆண்டு புரண்டதாக நூலகம் உறுதிசெய்துள்ளது. அடுத்த புரளல் 51ஆம் ஆண்டு. ஏரி இப்போது மிகப் பாதுகாப்பான நிலையில் உள்ளது. மாணவர்கள் கரையில் தங்கலாம்."

இயந்திரத்தின் கணக்கில் பிழை இல்லை. நான் கொடுத்த ஆண்டை வைத்துச் சரியாகக் கூட்டியிருக்கிறது. ஆண்டை மாற்றினால் ஆபத்தும் கூடவே தள்ளிப்போகும் என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். நூலகர் வேதநாயகிக்குப் புரியவில்லை.

குறிப்பு 8
நாள் 201. மணி 12.35

ஆண்டைத் திருத்தியது நான்தான் என்று நீலமேகத்திடம் சொன்னேன். முதன்முறையாக அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப ஒன்பதும் உங்க வாயிலேருந்துதான் வருது, இருபத்தொன்பதும் உங்க வாயிலேருந்துதான் வருது. எதை நான் நம்பணும்?"

மூலப் படி நூலகக் கிடங்கில் ஒன்றுதான் இருந்தது. எல்லாரும் கருவியில் திறந்து படிப்பதும் அதைத்தான். அதன் மேல்தான் திருத்தினேன். அலுவலகம் என் கணக்கை முடக்கிவிட்டது. விசாரணைக்கு மூன்று நாளில் ஆள் வருவார்களாம். பள்ளி அலைவரிசையிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள்.

ரிஃபாயாவின் கைக்கருவி எண் அவளுடைய நிராகரிப்புத் தாளில் இருக்கிறது.

குறிப்பு 9
நாள் 201. மணி 13.10

"சொல்லுங்க மேடம்."

ஏற வேண்டும் என்றேன். ஏரி நிரம்பியிருக்கிறது என்றேன்.

"எனக்குத் தெரியும். ஒன்பதாம் ஆண்டுன்னு நான்தானே முதல்ல படிச்சேன். சார்கிட்ட சொன்னேன், ஆணையைக் காட்டுறார். 29ன்னு மாத்தினது யாரு?"

நான் என்றேன்.

கரையில் பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது.

"என் ஆதாரத்தை வாங்கி, படிக்காமலே தூக்கிப் போட்டு, அப்புறம் அதையே கெடுத்தும் வெச்சிருக்கீங்க. இப்ப நீங்க சொல்றத நான் சொன்னா எவனாச்சும் எழுந்திருப்பானா? சொல்லுங்க."

எழுந்திருக்க மாட்டார்கள். என் பெயரைச் சொல்லாதே என்றேன். அறிக்கையையும் சொல்லாதே. பாடத்திட்டம் கரையோர மேல்நீரை மட்டும் எடுக்கச் சொல்கிறது. அதனால்தான் இத்தனை நாளும் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. படகுத்துறைக்குப் போ. அங்கே ஆழம் அதிகம். ஆழத்தில் தானே மூடிக்கொள்ளும் மாதிரிக் குப்பியைக் கயிறு முழுவதும் விட்டு அடிநீரை எடு. எல்லார் எதிரிலும் திற.

"திறந்தா?"

பார்த்தால் தெரியும் என்றேன்.

குறிப்பு 10
நாள் 201. மணி 13.55

அவள் கருவியை அணைக்கவில்லை. எல்லாம் கேட்டது. எட்வின் சார் யாரைக் கேட்டு அடிநீர் எடுத்தாய், அது நம் மாதிரிப் பட்டியலில் இல்லையே என்று கடிந்தார். ஒரு பையன், ரிஃபாயா மீன் பிடிக்கிறாள் என்றான். சிரிப்பு. பிறகு வெடி போல ஒரு சத்தம். மூடி பறந்திருக்க வேண்டும். நீர் சீறுவது இங்கே வரை கேட்டது. குப்பி காலியாகும் வரை சீறியது.

யாரும் சிரிக்கவில்லை.

"இது ஒரு குப்பி," என்றாள். "ஏரி முழுக்க இதான். நான் ஏறுறேன். வர்றவன் வா."

ஒரு குப்பியை வைத்து முடிவெடுக்க முடியாது, குறைந்தது மூன்று மாதிரி வேண்டும் என்றார் ஆசிரியர். அதை அவருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

குறிப்பு 11
மணி 15.20

ஜன்னலில் இருந்து தெரிகிறது. ஒன்பது விளக்குகள் இந்தப் பக்கச் சரிவில் ஏறுகின்றன. ஐந்து கரையில். மூன்றாவது மாதிரி எடுக்கிறார்கள் போலும்.

ஏரி துருநிறமாக இல்லை. வெள்ளையாக இருக்கிறது.

சத்தம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. ஜன்னல் அதிர்ந்தது.

குறிப்பு 12

மணி பார்க்கவில்லை. வெண்மை பள்ளத்தில் பாதி வரை நிற்கிறது. எட்டு விளக்குகள் அதற்கு மேலே வந்துவிட்டன. கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். எட்டுதான். மறுபடி எண்ணினேன்.

கரையில் ஐந்தும் வெண்மையினூடே எரிகின்றன. எதுவும் நகரவில்லை.

ரிஃபாயாவின் கருவி இன்னும் திறந்திருக்கிறது. மேலே ஏறு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவள் மூச்சு கேட்கிறது. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். சார் என்றும் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. நான் சொல்வது அவள் காதில்

ஒன்பதாவது விளக்கு தெரிகிறது. வெண்மைக்குள் இருக்கிறது, மங்கலாக. நகர்கிறது.

கீழ்நோக்கி.